கூண்டுச் சண்டைக்காரரின் வரவு செலவு

மேற்கு மாம்பலத்தில் ஒருவர் தம் தொழிலைச் சொன்னதும் அடுத்து வரும் கேள்வி, "மாசம் எவ்வளவு வருது?" என்பதுதான். கேட்பவர் வம்புக்காகக் கேட்பதில்லை. மாதச் சம்பளம், பி.எஃப்., பென்ஷன் மூன்றையும் நம்பி இரண்டு தலைமுறையாகப் பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீட்டுக் கடன் கட்டி முடித்த பேட்டை இது. அயோத்தியா மண்டபத்தைச் சுற்றி நாலு தெரு நடந்தால் ஆடிட்டர் பலகை கண்ணில் படாமல் போகாது. இங்கே ஒரு வீட்டுப் பையனோ பெண்ணோ "எம்.எம்.ஏ. ஃபைட்டர் ஆகப்போறேன்" என்று சொன்னால், மூக்கு உடையுமே என்ற பயத்துக்கு முன்னால் அந்தக் கேள்விதான் வந்து நிற்கும். நேர்மையான பதில் இதுதான்: மாதத்துக்கு என்று எதுவும் வராது. சண்டைக்கு வரும். சண்டை கிடைக்காத வருஷத்தில் அதுவும் வராது.

எம்.எம்.ஏ. என்கிற கலப்புத் தற்காப்புக் கலையில் குத்து, உதை, மல்யுத்தம், தரையில் புரண்டு போடும் கை கால் பூட்டு, கழுத்துப் பிடி எல்லாம் உண்டு. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற நிறுவனம் நடத்திய முதல் போட்டியிலிருந்து இதன் நவீன வியாபாரக் கதை தொடங்குகிறது. 2001இல் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய அந்த நிறுவனம், 2016இல் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. பதினைந்து ஆண்டில் இரண்டாயிரம் மடங்கு. மாம்பலத்தில் மனை வாங்கிப் போட்டவர்கள்கூட இப்படிப் பார்த்ததில்லை. இந்தப் பெருக்கத்துக்குக் காரணமானவர்கள், சண்டை நடக்கும் கூண்டுக்குள் இறங்கியவர்கள். அவர்கள் கைக்கு வந்தது என்ன என்று கணக்குப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் முதல் போடுபவர் சண்டைக்காரரும் அவர் குடும்பமும். போட்டி நடத்துகிறவர் பிறகுதான் வருகிறார், விளைந்ததை எடுத்துக்கொள்ள.

சென்னைக்குக் கைச்சண்டை புதிதில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரைகளாகப் பிரிந்து வடசென்னை ஆடிய குத்துச்சண்டையை 2021இல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' எல்லோர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிப் போட்டி ஆடினார். ஆனால் அந்தப் பரம்பரைக்காரர்களின் அடுப்பு குத்துச்சண்டையால் எரியவில்லை. துறைமுகம், ரயில்வே, மில், சிறு தொழில் என்று பகலில் வேறொரு கூலி இருந்தது. பந்தயப் பணம் தீபாவளி போனஸ் மாதிரி, வந்தால் நல்லது. பிற்காலத்தில் அமெச்சூர் குத்துச்சண்டை அரசு அங்கீகாரத்தோடு வளர்ந்தபோது ரிங்குக்குள் போவதன் நோக்கமே மாறியது. பதக்கம், சான்றிதழ், அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலையோ போலீஸ் வேலையோ. சென்னைப் பெண் குத்துச்சண்டையாளர் துளசி ஏகானந்தத்தைப் பின்தொடர்ந்து 2013இல் வெளிவந்த நார்வே ஆவணப்படமான 'லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை'யைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர் துரத்தியது பதக்கத்தை மட்டுமில்லை, அரசு வேலையையும்தான். நம்மூரில் சண்டை விளையாட்டு சோறு போட்டது என்றால் பெரும்பாலும் அரசாங்கத்தின் வழியாகத்தான் போட்டது.

எம்.எம்.ஏ. அந்த வழியில் வரவில்லை. அது நேரே தொலைக்காட்சி வியாபாரமாக இறங்கியது. மும்பையில் டேனியல் ஐசக் போன்ற பயிற்சியாளர்கள் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலிருந்தே விதை போட்டு வந்தாலும், பெரிய பணம் என்ற பேச்சு எழுந்தது 2012 மார்ச்சில். ராஜ் குந்த்ராவும் சஞ்சய் தத்தும் சேர்ந்து 'சூப்பர் ஃபைட் லீக்'கைத் தொடங்கினார்கள். முதல் நிகழ்ச்சியின் பிரதானச் சண்டை அமெரிக்கரான பாப் சாப்புக்கும் பிரிட்டிஷ்காரரான ஜேம்ஸ் தாம்சனுக்கும். சாப் தொடைக் காயத்தோடு முதல் சுற்றிலேயே விழுந்தார். விளக்கு, மேடை, பாட்டு, நட்சத்திரங்கள் எல்லாவற்றுக்கும் செலவழித்தார்கள். மேலே நின்றது வெளிநாட்டுப் பெயர்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் அட்டவணையின் அடியில். 2017இல் அதே லீக் ஐ.பி.எல். பாணியில் அணிகளாகப் பிரிந்து மறுபடி வந்தது. மும்பை, டெல்லி, பெங்களூரு, கோவா, ஹரியானா, குஜராத் என்று நீண்ட பட்டியலில் சென்னைக்கு ஓர் அணி இல்லை. பின்னர் 2019இல் டைகர் ஷெராஃப் குடும்பத்தாரின் 'மேட்ரிக்ஸ் ஃபைட் நைட்' வந்தது. இன்று இந்தியாவில் தொழில்முறையில் இறங்க நினைப்பவருக்கு முக்கியமான மேடை அது.

சூப்பர் ஃபைட் லீக்கிலிருந்து தமிழர்கள் அறிந்த ஒரே முகம் ரித்திகா சிங். மும்பைப் பெண், தந்தையிடம் சிறுவயதிலேயே பயிற்சி பெற்றவர், அந்த லீக்கில் சண்டையிட்டவர். சுதா கொங்கரா அவரை 'இறுதிச்சுற்று'க்குத் தேர்ந்தெடுத்தார். படம் 2016 ஜனவரியில் வந்தது, அதற்காக ரித்திகாவுக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. அதன்பின் 'ஆண்டவன் கட்டளை', 'ஓ மை கடவுளே' என்று நடிகையாகவே நிலைத்தார். கூண்டில் அவர் பெற்ற பயிற்சிக்கு நியாயமான விலை கொடுத்தது சினிமாதான். சண்டையை நடித்துக் காட்டினால் கிடைப்பது, நிஜமாகச் சண்டை போட்டால் கிடைப்பதைவிட அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி உச்சத்தைப் பார்ப்போம். இந்தியாவில் பிறந்து யு.எஃப்.சி. கூண்டில் முதலில் இறங்கியவர் பரத் கண்டாரே; 2017 நவம்பரில் ஷாங்காயில், சீனாவின் சாங் யாடோங்கிடம் தோற்றார். அடுத்துப் பேசப்பட்டவர் உத்தராகண்டைச் சேர்ந்த அன்ஷுல் ஜூப்ளி. ராணுவ அதிகாரி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர், யூடியூப் பார்த்து இந்தக் கலைக்குள் வந்தவர். 2023 பிப்ரவரியில் 'ரோடு டு யு.எஃப்.சி.' தொடரின் இறுதிப் போட்டியில் இந்தோனேசியாவின் ஜெகா சராகியை வீழ்த்தி ஒப்பந்தம் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் அபுதாபியில் மைக் பிரீடனிடம் மூன்றாவது சுற்றில் தோற்றார். அடுத்த சண்டை 2025 பிப்ரவரியில், சிட்னியில். அது 19 விநாடியில் முடிந்தது, ஆஸ்திரேலியரான குவிலன் சால்கில்டின் கையால். இரண்டு சண்டைக்கும் நடுவே ஏறத்தாழ பதினாறு மாதம். உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்துப் பூஜா தோமர் 2024 ஜூனில் லூயிவில் நகரில் ரயானே டோஸ் சாண்டோஸை வென்று, யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியர் ஆனார். 2025 மார்ச்சில் லண்டனில் ஷானா பானனிடம் தோற்றார். நாடே கொண்டாடிய வெற்றிக்கும் அடுத்த சம்பளத்துக்கும் இடையில் ஒன்பது மாதம்.

இந்த இடைவெளிகளைக் கவனிக்காமல் தொகையை மட்டும் பேசுவதில் பொருளில்லை. யு.எஃப்.சி.யில் புதிதாக நுழைபவருக்கு அண்மை ஆண்டுகளில் வழக்கமாக இருந்தது, இறங்குவதற்கு 12,000 டாலர், வென்றால் இன்னொரு 12,000. அதற்கு முன்பு நெடுநாள் அது பத்தும் பத்துமாக இருந்தது. நிறுவனத்தின் உடையை அணிவதற்காக முதல் மூன்று சண்டைவரை தலா 4,000 டாலர் தனி. நம்மவர் ஒருவர் அமெரிக்காவில் சண்டை போட்டுத் தோற்றார் என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்கு எழுதலாம். வரவு 16,000. மேனேஜருக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் சேர்த்துச் சண்டைப் பணத்தில் கால் பங்கு, 3,000. வெளிநாட்டு விளையாட்டு வீரர் என்பதால் அங்கேயே 30 சதவீத வரிப் பிடித்தம், 4,800. மிச்சம் 8,200. டாலர் 85 ரூபாய் என்றால் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இதிலிருந்துதான் சண்டைக்கு முந்தைய எட்டு வாரக் கேம்ப் செலவு போக வேண்டும். சரியான ஜோடி உள்ளூரில் கிடைக்காததால் நம்மவர்கள் தாய்லாந்துக்கோ பாலிக்கோ போகிறார்கள். அங்கே தங்க இடம், புரதச் சாப்பாடு, மசாஜ், பிசியோ. நிறுவனம் பயணச் செலவை ஏற்பது வழக்கமாகச் சண்டைக்காரருக்கும் ஒரு துணையாளுக்கும். மூலையில் இரண்டாவது ஆள் வேண்டுமென்றால் டிக்கெட் கைக்காசு. எடை கூடிவிட்டால் சண்டைப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அபராதமாக எதிராளிக்குப் போவது வழக்கம்.

வரி விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆடிட்டர்கள் நிறைந்த பேட்டையில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்காவில் பிடித்த வரியை இந்தியாவில் கட்ட வேண்டிய வரிக்கு எதிராகக் கழித்துக்கொள்ளலாம், அதற்குரிய படிவம் கொடுத்து. ஆனால் இங்கே கட்ட வேண்டிய வரி இருந்தால்தானே கழிக்க முடியும்? 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம்வரை வருமானம் உள்ளவருக்கு வரித் தள்ளுபடி. செலவு போக ஆறேழு லட்சம் மிஞ்சும் சண்டைக்காரருக்கு இங்கே வரி பூஜ்யம், ஆகவே கழிவும் பூஜ்யம். அங்கே போனதை மீட்க வேண்டுமானால் அங்கேயே கணக்குத் தாக்கல் செய்து, செலவுகளைக் காட்டி, கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த ஒரு காரியத்துக்கு ஆகும் ஃபீஸை விடத் திரும்பி வரும் தொகை பல மடங்கு. பயிற்சிக்கு அடுத்தபடியாக ஒரு சண்டைக்காரர் செய்யக்கூடிய லாபகரமான வேலை இதுதான் என்றுகூடத் தோன்றுகிறது.

அதிர்ஷ்டசாலிகளின் கதைகள் இருக்கவே செய்கின்றன. 2013 ஏப்ரலில் அயர்லாந்தின் கானர் மெக்ரிகர், ஒரு வாரம் முன்புவரை அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தவர், ஸ்டாக்ஹோமில் தம் முதல் யு.எஃப்.சி. சண்டையிலேயே எதிராளியை வீழ்த்தி 60,000 டாலர் போனஸ் பெற்றார். பின்னால் அவர் கோடிகளில் புரண்டது உலகறிந்தது. சென்னைப் பயிற்சிக்கூடங்களின் சுவர்களில் அவர் படம் இருக்கிறது. அதே சுவரில் ஸ்டிபே மியோசிச்சின் படமும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஹெவிவெயிட் உலக சாம்பியனாக இருந்த காலத்திலும் ஒஹாயோவில் தீயணைப்பு வீரராகப் பணியாற்றியவர் அவர். பெல்ட் வைத்திருந்தவரே இன்னொரு வேலையை விடவில்லை என்பதை வீட்டுப் பெரியவர்கள் மறக்காமல் கேட்டுக்கொள்வார்கள்.

ஏன் இவ்வளவு குறைவு? நிறுவனம் ஏழை என்பதாலா? 2014 டிசம்பரில் காங் லே, நேட் குவாரி, ஜான் ஃபிட்ச் உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் யு.எஃப்.சி. மீது ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார்கள். போட்டியாளர்களை விழுங்கியும் நீண்டகால ஒப்பந்தங்களால் கட்டிப்போட்டும் சம்பளத்தை அழுத்தி வைத்தது என்பது குற்றச்சாட்டு. அந்த வழக்கின் ஆவணங்களில் வெளிவந்த விவரம்: வருமானத்தில் வீரர்களுக்குப் போன பங்கு 20 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் அது ஏறத்தாழ பாதி. அங்கே வீரர் சங்கம் இருக்கிறது, கூட்டுப் பேரம் இருக்கிறது. யு.எஃப்.சி.யில் ஒவ்வொருவரும் தனி ஒப்பந்தக்காரர். பத்தாண்டு இழுத்த வழக்கில் முதலில் பேசிய 33.5 கோடி டாலர் உடன்பாட்டை நீதிபதி ரிச்சர்ட் பூல்வேர் ஏற்கவில்லை. பிறகு 37.5 கோடி டாலராக உயர்ந்த உடன்பாட்டுக்கு 2025 பிப்ரவரியில் இறுதி ஒப்புதல் கொடுத்தார். 2010 இறுதியிலிருந்து 2017 வரை சண்டையிட்டவர்களுக்குத்தான் அது. குத்துச்சண்டைக்காரர்களைக் காக்க 2000இல் அமெரிக்கா இயற்றிய முகமது அலி சட்டம், நடத்துபவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதை வீரருக்குச் சொல்லச் சொல்கிறது. எம்.எம்.ஏ. அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

பேரம் பேசினால் என்ன நடக்கும் என்பதை ஃபிரான்சிஸ் நகானு காட்டினார். கேமரூனில் சிறுவயதில் மணல் குவாரியில் வேலை பார்த்து, பாரிஸில் வீடில்லாமல் கிடந்து, ஹெவிவெயிட் சாம்பியனானவர். சண்டைக்காரர்களுக்கு மருத்துவக் காப்பீடு, நிர்வாகக் கூட்டத்தில் அவர்கள் சார்பில் பேச ஓர் ஆள், சொந்த விளம்பரதாரர்களை வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியவற்றைக் கேட்டார். கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் வெளியேறி, அதே ஆண்டு அக்டோபரில் ரியாத்தில் டைசன் ஃப்யூரியுடன் குத்துச்சண்டை ஆடினார். யு.எஃப்.சி.யில் பல சண்டைகளில் பெற்றதை அந்த ஒரே ராத்திரியில் தாண்டினார். ஆனால் அவர் அளவுக்குக் கையில் சரக்கு இருந்தால்தான் கதவைச் சாத்திவிட்டு வர முடியும். முதல் சண்டைக்காக ஆறு மாதம் காத்திருக்கும் ஒருவருக்கு அந்த வசதி இல்லை.

உடம்புக் கணக்கு இன்னும் கடுமையானது. 2016இல் சாலை விபத்தில் இறந்த ஜோர்டன் பார்சன்ஸ் என்ற 25 வயது அமெரிக்க வீரரின் மூளையை ஆராய்ந்தபோது, தொடர்ந்த தலையடியால் வரும் சிதைவு நோயான சி.டி.இ. இருப்பது தெரிந்தது. எம்.எம்.ஏ. வீரர் ஒருவருக்கு அது உறுதியானதாக வெளியில் அறிவிக்கப்பட்ட முதல் சம்பவம் அது. 2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த போட்டிக்காக உடல்நீரை வற்றவைத்து எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் 21 வயதில் இறந்தார். அதன்பின் அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப், உடலின் நீர்ச்சத்தைச் சோதிக்கும் விதியைக் கொண்டுவந்தது. யு.எஃப்.சி. 2011லிருந்து தன் வீரர்களுக்குப் பயிற்சிக் காயங்களுக்கும் சேர்த்து விபத்துக் காப்பீடு வைத்திருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு, மறதியும் தலைவலியும் வரும் காலத்துக்கு, அது உதவாது. கலிஃபோர்னியா மாகாணம் 2023இல் எம்.எம்.ஏ. வீரர்களுக்கு ஓய்வுக்கால நிதி ஒன்றைச் சட்டமாக்கியது. உலகத்தில் இப்படி ஏதாவது இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட அது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது.

நம்மூர் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்குகளில் ஒன்று, ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடுவதால் வரும் சிகிச்சைச் செலவு கிடையாது என்கிறது. மலையேற்றம், கார் பந்தயம், குதிரைப் பந்தயம், ஆழ்கடல் நீச்சல் என்று பட்டியல் போகிறது, எம்.எம்.ஏ. பெயர் அதில் இல்லை. ஆனால் பட்டியல் இவற்றோடு முடியவில்லை என்ற வாசகமும் கூடவே இருக்கிறது. அப்பாவின் பாலிசியில் சேர்ந்திருக்கும் பையன் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ளும்போது முழங்கால் தசைநார் அறுந்தால் ஒரு மாதிரி. காசு வாங்கிக்கொண்டு சண்டை போடும்போது அறுந்தால் வேறு மாதிரி. அந்த அறுவைச் சிகிச்சைக்கும் அதற்குப் பிந்தைய ஒன்பது மாத பிசியோவுக்கும் சேர்த்துக் கணக்கு லட்சங்களில் போகும். உள்ளூர்ப் போட்டிகளில் சண்டைப் பணம் ஆயிரங்களில்தான். அமெச்சூர் என்றால் பதிவுக் கட்டணம் கட்டி, ரத்தப் பரிசோதனைக்கும் தானே பணம் கொடுத்து, ரயிலேறிப் போய் அடி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

தமிழர் யாரும் இதில் உலக அளவில் நின்றதில்லையா என்று கேட்பவர்களுக்குக் கோலாலம்பூரைப் பார்க்கச் சொல்வேன். மலேசியத் தமிழரான அகிலன் தாணி பதின்வயதில் உடல் பருமனைக் குறைக்கப் பயிற்சிக்கூடத்துக்குப் போனவர். 2017 மே மாதம் சிங்கப்பூரில், தோல்வியே அறியாத ஒலிம்பிக் மல்யுத்த வீரர் பென் ஆஸ்க்ரெனுடன் ஒன் சாம்பியன்ஷிப்பின் வெல்டர்வெயிட் பட்டத்துக்காக மோதித் தோற்றார். 2019 ஜூனில் ஷாங்காயில் ஜப்பானின் புகழ்பெற்ற யோஷிஹிரோ அகியாமாவை நடுவர் தீர்ப்பில் வென்றார். மேற்கு மாம்பலத்துப் பையனுக்கும் அகிலனுக்கும் உள்ள வித்தியாசம் தைரியத்தில் இல்லை. ஒன் சாம்பியன்ஷிப்பின் தலைமையகம் சிங்கப்பூரில், பஸ்ஸில் போகும் தூரம். தரமான பயிற்சி ஜோடிகள் ஊரிலேயே கிடைத்தார்கள். கேம்ப் என்றால் விமானம் ஏறத் தேவையில்லை. முதலீடு குறைந்தால் தாக்குப்பிடிக்கும் காலம் நீள்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

இந்தியாவில் இப்போது ஒரு கதவு திறக்கிறது. 2026 செப்டம்பர், அக்டோபரில் ஜப்பானின் ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் எம்.எம்.ஏ. பதக்கப் போட்டியாக இடம்பெறும் என்பது 2025 ஏப்ரலில் உறுதியானது. பதக்கம் என்று வந்துவிட்டால் நம் நாட்டில் எல்லாம் மாறும். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பன்னாட்டுப் பதக்கத்துக்கு ரொக்கப் பரிசு இருக்கிறது. வருமான வரியிலும் வேறுபாடு உண்டு. நாட்டுக்காகப் பதக்கம் வென்றதற்கு அரசு தரும் பரிசுக்கு 1961 சட்டத்தின் பிரிவு 10(17ஏ) வரிவிலக்கு அளித்தது. தொழில்முறைச் சண்டையில் ரத்தம் சிந்தி வாங்கிய பணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இதைத் தவறென்று சொல்ல மாட்டேன், சம்பாத்தியம் சம்பாத்தியம்தான். ஆனால் இரண்டு வழிகளில் எதற்கு அரசும் சமூகமும் துணை நிற்கின்றன என்பது இதில் தெரிந்துவிடுகிறது. பூஜா தோமர் ஊஷூவில் தேசிய சாம்பியன்; ரிது போகாட் மல்யுத்தத்திலிருந்து 2019இல் ஒன் சாம்பியன்ஷிப்புக்குப் போனவர். அங்கீகாரம் பெற்ற ஒரு விளையாட்டில் முதலில் கால் ஊன்றிக்கொண்டு, பிறகு கூண்டுக்குள் போனவர்கள் இவர்கள். ஜூடோ, குத்துச்சண்டை, மல்யுத்தம், ஊஷூ ஏதாவது ஒன்றில் மாநில, தேசியச் சான்றிதழை விடாமல் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம். அதற்குச் செலவு குறைவு. பயன் முப்பது வருஷத்துக்கு.

சரி, சென்னையில் இன்று எம்.எம்.ஏ.வை நம்பி வாழ்பவர் எப்படி வாழ்கிறார்? கற்றுக்கொடுத்து. 'காம்பாட் கைனெட்டிக்ஸ்' நடத்திய அஜித் சிகாமணி போன்றவர்கள் இந்த நகரத்தில் இக்கலையைக் கற்பிக்கத் தொடங்கிய பிறகு, பயிற்சிக்கூடங்கள் பல பேட்டைகளுக்குப் பரவின. அங்கே மாதக் கட்டணம் கட்டுபவர்கள் யார்? ஐ.டி. கம்பெனிக்காரர்கள், தொப்பை குறைக்க வருபவர்கள், தற்காப்புக்காக வரும் பெண்கள், கராத்தேயில் சலிப்புற்ற பள்ளிப் பிள்ளைகள், படத்துக்காக உடம்பைத் தயார்செய்யும் நடிகர்கள். இவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கூண்டுக்குள் போகப் போவதில்லை. தொழிலைத் தாங்குவது அவர்கள் பணம். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை ஆறிலிருந்து ஒன்பது வகுப்பு, நடுவில் பி.டி. என்கிற தனிப்பயிற்சி. அதில்தான் வீட்டு வாடகை வருகிறது.

சிக்கலும் அதற்குள்ளேயேதான் இருக்கிறது. சண்டை உறுதியானதும் எட்டு வாரம் கேம்ப் போக வேண்டும். அந்த எட்டு வாரம் பி.டி. எடுக்க முடியாது. வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். கோடம்பாக்கத்திலோ அசோக் நகரிலோ வேறொரு மாஸ்டரைப் பார்த்துக்கொள்வார். திரும்பி வரும்போது முகத்தில் தையல், கையில் சில ஆயிரமோ ஒரு லட்சமோ, வகுப்பில் பாதி ஆள் இல்லை. ஆக ஒவ்வொரு சண்டையும் அவருடைய நிஜமான வருமானத்தை உடைத்துவிட்டுத்தான் நடக்கிறது. நன்றாகச் சண்டை போடத் தெரிந்த பலர் முப்பதை நெருங்கும்போது முழுநேரக் கோச் ஆகிவிடுவதில் வியப்பில்லை. ரசிகர்கள் அதைப் பின்வாங்கல் என்று பேசுகிறார்கள். நான் அதைச் சரியான கணக்கு என்பேன்.

வடபழனியில் இருக்கும் சினிமா சண்டைக் கலைஞர்கள் சங்கத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. மாம்பலத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர். அங்கே உறுப்பினர் அட்டை உண்டு, நிர்ணயித்த சம்பளம் உண்டு, பாக்கி வந்தால் போய்க் கேட்க ஓர் இடம் உண்டு. அவர்களுக்கும் ஆபத்து குறைவில்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார் கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் இறந்தபோது, காப்பீடும் பாதுகாப்பும் நாடு முழுக்கப் பேச்சாயின. பேச ஓர் அமைப்பு இருந்தது. நிஜச் சண்டை போடுகிறவர்களுக்கு இந்தியாவில் அப்படி வலுவான ஒன்று இல்லை. போட்டி ரத்தானால் எட்டு வாரச் செலவை யார் தருவது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதியிருக்காது.

சி.ஏ. படிக்கும் பிள்ளைகளுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் கிடைப்பதும் கைச்செலவுக்குப் போதாத ஸ்டைபெண்டுதான். மாம்பலத்துப் பெற்றோர் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் எத்தனை வருஷம், முடிவில் என்ன என்று தெரியும். எம்.எம்.ஏ.வில் அந்த எல்லையைக் குடும்பமே போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை வருஷம் தாங்கலாம், வருஷத்துக்கு எவ்வளவு, எந்த நிலையைத் தொடாவிட்டால் கோச் வேலைக்கோ சான்றிதழ் வழி வேலைக்கோ திரும்புவது என்பதைத் தொடக்கத்திலேயே தாளில் எழுதி வைப்பது நல்லது. காப்பீட்டு நிறுவனத்திடம் கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஒப்பந்தம் வந்தால் நான்கு விஷயங்களைத் தேடிப் படிக்க வேண்டும்: வேறெங்கும் சண்டை போடக் கூடாது என்ற தடை எத்தனை மாதம், அந்தக் காலத்தில் குறைந்தது எத்தனை சண்டை தருவதாக உறுதி, காயத்துக்கு யார் பொறுப்பு, ரத்தானால் என்ன தொகை. தடை மூன்று வருஷம், சண்டைக்கு உறுதி எதுவுமில்லை என்று இருந்தால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வருவதே மேல். வக்கீல் ஒருவர் அதைப் படித்துச் சொல்ல வாங்கும் ஃபீஸ் ஒரு ஜோடி நல்ல குத்துச்சண்டைக் கையுறையின் விலைதான் இருக்கும்.